நாலாம் கேபினும் பிஸ்கட் டப்பாவும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத உட்கார்ந்தால் சொல்ல வந்தது ஒரு பக்கம் போகிறது, பேனா ஒரு பக்கம் போகிறது. மறதியும் வந்துவிட்டது. நேற்று கழற்றி வைத்த கண்ணாடியை இன்று காலை வரை தேடினேன். கம்ப்யூட்டர் மையம் வைத்திருக்கிறவர்கள் சங்கம் மலர் போடுகிறதாம், பழைய ஆட்கள் எழுத வேண்டுமாம். செயலாளர் தம்பி வீட்டுக்கே வந்து கேட்டார். "நன்னிலத்துல பிரவுசிங் சென்டர் வந்த காலத்துலேர்ந்து இருந்தவங்க நீங்கதாம்மா" என்றார். இருந்தேன்தான். பெருக்கினேன், துடைத்தேன், டோக்கன் கொடுத்தேன். அதைப் போய் எழுதுவதா என்று கூச்சமாக இருந்தது. முடியாது தம்பி என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் என் மகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "பிரவுசர்ல ஏதோ ஓட்டையாம்மா. மெமரியைக் கெடுத்து உள்ள வந்துடுவானாம். உடனே அப்டேட் பண்ணுங்கன்னு போட்டிருக்கான்" என்றாள்.

"பண்ணிடு. தள்ளிப்போடாதே" என்றேன்.

"ஆமா, உனக்கு ரொம்பத் தெரியும் மெமரியைப் பத்தி" என்று சிரித்தாள்.

எனக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு ஓட்டை வழியாகத்தான் என் பெயர் போகப் பார்த்தது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தேன். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் குறுவையே இல்லாமல் போய், நடவு வேலையும் இல்லாமல் போனது. அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் ஆசீர்வாதம் சார் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். துபாயில் டெலக்ஸ் ஆப்பரேட்டராக இருந்து திரும்பியவர். பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். கொஞ்ச வருஷத்தில் பூத்துக்குக் கூட்டம் குறைந்தது. சார் பலகை வைத்துத் தடுத்து ஆறு கேபின் கட்டினார், ஆறு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது.

"தையல்நாயகி அம்மா, இனிமே டோக்கன் உங்க பொறுப்பு" என்றார்.

"சார், எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாதுங்க."

"நம்பர் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"ஆறு வரைக்கும் தெரிஞ்சா போதும்."

என் டிரெயினிங் அவ்வளவுதான்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஏதாவது போய்ச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைத்து மாட்டுகிறவரை பேசமாட்டார். மாட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்: "பார்த்ததா, நினைச்சதா?" ஒரு தடவை "மூணாம் நம்பர் மெஷின் எரிஞ்சுபோச்சு சார்" என்று ஓடினேன். அதே கேள்வி. போய்ப் பார்த்தால் பிளக் கழன்று கிடந்தது. அன்றிலிருந்து அவர் முன்னால் வாயைத் திறக்குமுன் எனக்குள்ளேயே அதைக் கேட்டுக்கொள்வேன்.

அவருடைய வேலைமுறையில் முக்கியமானது நோட்டு. வந்தவர் பெயர், கேபின் நம்பர், வந்த மணி, போன மணி. கடைசிக் கட்டத்தில், மெஷினில் ஏதாவது நடந்தால் அது. "காரணம் எழுதாதீங்கம்மா, கண்ணுல பட்டதை மட்டும் எழுதுங்க" என்பார். அப்படியே தமிழில் எழுதுவேன். 'சுட்டி நகரல.' 'திரை நீலமாப் போச்சு.' 'தானா மூடிக்கிச்சு.' அந்த நோட்டைக் கடையில் வாங்குவதில்லை. பிரிண்டரில் கோணலாகவும் மங்கலாகவும் வந்து பாழாய்ப்போன தாள்கள் நிறையச் சேரும். அதை ரெண்டாக வெட்டி, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி நூல் போட்டு நானே தைத்துவிடுவேன். வீணாகாமல் இருக்கிறதே என்று எனக்கு ஒரு பெருமை.

டோக்கனில் ஆரம்பத்தில் ஒரு தப்புச் செய்தேன். ஒரு பத்தர் டீ குடிக்கக் கீழே போனார். டோக்கனைத் திரும்ப வாங்க மறந்துவிட்டேன். காலிதானே என்று அந்த இடத்தை ஒரு வாத்தியாருக்குக் கொடுத்தேன். வாத்தியார் மெயிலைத் திறந்துவைத்துவிட்டுக் கண்ணாடி எடுக்கச் சைக்கிளுக்குப் போன நேரம், பத்தர் டோக்கனோடு திரும்பி வந்து தன் இடம் என்று உட்கார்ந்துவிட்டார். மஸ்கட்டில் இருக்கிற மகனுக்கு எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளாடு ரெண்டு குட்டி போட்ட சங்கதியையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பிவிட்டார். அது வாத்தியாரின் மேலதிகாரிக்குப் போய்விட்டது. வாத்தியார் ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஆடு சௌக்கியமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு டோக்கன் கைக்கு வராமல் யாரையும் படி இறங்க விட்டதில்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் காதில் சத்தம் கேட்கிறது. லைன் கிடைக்கும்போது மோடம் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தும். சாயங்காலம் ஆனால் வெளிநாட்டில் இருக்கிறவர்களோடு பேசப் பெண்கள் வந்துவிடுவார்கள். ரஹ்மத் அக்காவுக்கு மைக்கில் நம்பிக்கை கிடையாது. அபுதாபி வரைக்கும் கேட்கட்டும் என்று கத்துவார்.

"ஏங்க, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேங்க" என்று பக்கத்துக் கேபினிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

"உன்னைக் கேக்கலடா, மூடிக்கிட்டுத் தட்டு" என்பார் அக்கா. மாடியே சிரிக்கும்.

பாஸ்வேர்டு என்பது ரகசியம் என்று அப்போது யாருக்கும் படவில்லை. மெயில் திறந்து கொடுக்கும்போது சார் அதைச் சின்னச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். பெண்கள் படி இறங்குமுன் அதை என்னிடமே நீட்டுவார்கள். "நீயே வச்சிரு தையலு, வீட்டுல வச்சா அடுப்புக்குப் போயிடும்." நான் சீட்டின் பின்னால் அவரவர் பெயரை எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். பூட்டெல்லாம் இல்லை. மேஜைமேல்தான் இருக்கும். இப்போது இதைப் படிக்கிற நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். எங்களுக்கு அது தப்பென்றே தோன்றவில்லை.

இனி அந்த விஷயம்.

வெயில் காலம். நாலாம் கேபின் மெஷின் அடிக்கடி மக்கர் செய்தது. பிரவுசரைத் திறந்ததும் ஏதோ வெளிநாட்டு வேலை விளம்பரப் பக்கம் வரும். யாரோ அதை முதல் பக்கமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கம் பாதி வரும்போதே ஜன்னல் தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் ஒழுங்காக ஓடும். நான் 'நாலு, தானா மூடிக்கிச்சு' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லா மெஷினுக்கும் லைன் பிரித்துக் கொடுக்கிற தட்டைப் பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. அதில் ஆறு பச்சை விளக்கு. ஆள் உட்கார்ந்து வேலை செய்தால் அவருடைய விளக்கு சிமிட்டும். மத்தியானம் கூட்டம் இல்லாதபோது நான் அதைத் துடைப்பேன். நாலாம் கேபினில் ஆளே இல்லை, விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதையும் எழுதினேன். சாரிடம் வாயால் சொல்லவில்லை. படிக்காதவள் விளக்கைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சம்.

அதற்கு நடுவில் என் அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். ரெண்டு நாள் லீவு கேட்டேன். "போயிட்டு வாங்க, நோட்டை நான் எழுதிக்கிறேன்" என்றார் சார். போன பிறகுதான் தெரிந்தது, அந்த நாளில்தான் பிளஸ் டூ ரிசல்ட். இன்டர்நெட்டில் மார்க் பார்க்கப் பிள்ளைகளும் அப்பா அம்மாவும் மாடிப்படி முழுக்க நின்றார்களாம். சாருக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. அந்த ரெண்டு நாளும் நோட்டு வெள்ளையாகவே இருந்தது.

நான் திரும்பி வந்து சில நாளில் ஜெசிந்தா வந்தாள். தையல்காரர் மகள், கும்பகோணத்தில் நர்ஸாக இருந்தாள். ஓமனில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளை வேலைக்கு எடுத்து முன்னமே மெயிலில் லெட்டர் வந்திருந்தது. அவளுக்குக் கீழே ரெண்டு தங்கைகள். அந்த வேலையை நம்பித்தான் அந்த வீடு இருந்தது. நாலைந்து தடவை தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"தையலக்கா, பாஸ்வேர்டு தப்புன்னு வருது. என் சீட்டை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். சீட்டில் இருந்ததும் அவள் தட்டியதும் ஒன்றுதான். வேறு யாரோ உள்ளே போய் மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் அவள் அம்மா ரோசலினும் கூட வந்தார். மாடி முழுக்க ஆள் இருக்கும்போதே ஆரம்பித்தார்.

"நம்பித்தானே சீட்டைக் குடுத்தோம்? டப்பாவை வச்சுக்கிட்டு யாருக்குக் காட்டுன?"

"அம்மா, சும்மா இரு" என்றாள் ஜெசிந்தா.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? கெடு முடிய நாலு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள சம்மதம்னு எழுதிப் போடலைன்னா வேற ஆளை எடுத்துக்குவோம்னு அந்த லெட்டர்லயே இருக்குன்னு நீதானே சொன்ன? லெட்டரையும் சென்னை ஆபீசுக்குத் தபால்ல அனுப்பியாச்சு. போன் பண்ணா அங்க ஒருத்தனும் எடுக்கல. அட்ரஸெல்லாம் மெயிலுக்குள்ள இருக்கு. மெயில் இவ டப்பாவுக்குள்ள இருந்துச்சு."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க" என்றேன். எனக்கு வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"தெரியாதவ கையிலதான் ஊர்ப் பாஸ்வேர்டு அத்தனையும் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. ரஹ்மத் அக்காவின் மெயிலும் அதே மாதிரி பறிபோயிருந்தது. அவர் எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு நாள் குடுங்க, ரோசலின் அம்மா" என்றார். எல்லாரிடமும் டோக்கனை வாங்கச் சொல்லி, கதவைச் சாத்தி, இன்று விடுமுறை என்று பலகை மாட்டினார்.

அப்புறம் என்னை எதிரே உட்காரச் சொன்னார். டப்பாவும் நோட்டும் மேஜையில்.

"டப்பாவை யாராவது தொட்டாங்களா?"

"இல்ல சார்."

"பார்த்ததா, நினைச்சதா?"

ரெண்டு நாள் நான் ஊரிலேயே இல்லை. "நினைச்சது சார்" என்றேன். அழுகை வந்தது. அவர் அழாதீங்க என்று சொல்லவில்லை. காகிதத்தில் கோடு போட ஆரம்பித்தார்.

மெயில் பறிபோனவர்கள் மொத்தம் அஞ்சு பேர். ஜெசிந்தா, ரஹ்மத் அக்கா, வைரம் என்று ஒரு பெண், ஒரு வேன் டிரைவர், ஒரு டியூஷன் சார். பெண்கள் மூன்று பேர் சீட்டும் டப்பாவில் இருந்தன. ஆண்கள் ரெண்டு பேரும் சீட்டே தந்ததில்லை. "டப்பாதான் காரணம்னா இவங்க ரெண்டு பேருது எப்படிப் போச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு நோட்டைத் திறந்து அஞ்சு பெயரையும் ஒவ்வொன்றாகத் தேடினார். விரலை வைத்து வரி வரியாகப் போனார். டிரைவர், நாலாம் கேபின், தானா மூடிக்கிச்சு. டியூஷன் சார், நாலாம் கேபின், தானா மூடிக்கிச்சு. ஜெசிந்தா, நாலு. ரஹ்மத் அக்கா, நாலு.

விரல் ஒரு இடத்தில் நின்றது. 'நாலு, ஆள் இல்ல, விளக்கு சிமிட்டுது.' அடுத்த பக்கத்திலும் அதே. அதற்கடுத்த பக்கத்திலும்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சிரிப்பீங்களோன்னு சார்."

"நான் சிரிச்சிருக்கேனா?"

"இல்ல சார்."

"ம்" என்றார். அவர் என்னைக் கண்டித்தது அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

திருவாரூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் குமார் அன்று மத்தியானமே வந்தார். ஆறு மெஷினில் நாலாவதை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அணைத்தார்கள். சுவர்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்கு. அந்த மெஷினைச் சுத்தமாக அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார் குமார். லைன் போட்டதும் யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள்.

"விளக்கு?" என்றார் சார்.

"சும்மா இருக்கு சார்."

அந்த விளம்பரப் பக்கத்தைத் திறந்தார்கள். பாதி வந்தது, ஜன்னல் மூடிக்கொண்டது. குமார் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினார், நான் தொடவில்லை என்று.

"விளக்கு?"

"சிமிட்டுது சார்."

நான் வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் சொன்ன வார்த்தை அது.

பிரவுசரிலேயே ஓட்டை இருக்கிறது, அந்தப் பக்கத்தை எழுதினவனுக்கு அது தெரிந்திருக்கிறது, பிரவுசரின் மெமரியைக் குழப்பி உள்ளே ஒரு ஒற்றனை உட்காரவைத்துவிடுகிறான், தட்டுகிற எழுத்தெல்லாம் அவனுக்குப் போகிறது என்றார் குமார். எனக்குப் புரியவில்லை. சார் என் மேஜையிலிருந்து நாலாம் நம்பர் டோக்கனை எடுத்தார்.

"பத்தர் கதை ஞாபகம் இருக்கா? பிரவுசரும் ஒரு இடத்தைக் காலி பண்ணிட்டு எந்திரிச்சுப் போயிடுது. ஆனா டோக்கனைத் திருப்பிக் குடுக்கல. அந்த இடம் காலின்னு திருடன் வந்து தன் சீட்டை அங்க வச்சிடறான், இப்படி இப்படிச் செய்னு எழுதி. பிரவுசர் பழைய டோக்கனோட திரும்பி வந்து, நாம வச்ச சீட்டுதான்னு நம்பி, அதுல எழுதியிருக்கறபடி செய்யுது."

"டோக்கனை யாரும் வாங்கி வைக்கல" என்றேன்.

"அதேதான்" என்றார் குமார். "இது புரிய எனக்கு வகுப்புல ஒரு வருஷம் ஆச்சு." ஓட்டையை அடைக்கிறதை அவர் சிடியில் கொண்டுவந்திருந்தார். நாலாவதை மறுபடி அழித்து ஏற்றி, ஆறு மெஷினிலும் அதைப் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று.

என் பெயர் கிட்டத்தட்டத் தப்பியது. ஆனால் ஜெசிந்தாவின் லெட்டர் போனது போனதுதானே. சார் நோட்டை மூடப்போனவர், ஒரு தாளை மட்டும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பாழான பிரிண்ட். மங்கலான இங்கிலீஷ் எழுத்து.

"இது யாரோட தாளு?"

எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தாள் எப்போது பாழானது என்று தெரியும். வெட்டின ஓரத்தில் பச்சை முத்திரை மாதிரி ஒன்று பாதியாக இருந்தது. "ஜெசிந்தாவுக்கு முதல்ல மங்கலா வந்துச்சே சார், ரெண்டாவது தடவை போட்டுக் குடுத்தீங்களே."

அது கீழ்ப்பாதி. ஆஸ்பத்திரியின் பேக்ஸ் நம்பர் அதில் இருந்தது. மேல்பாதியில்தான் அவளுடைய பைல் நம்பர் இருக்கும் என்றார் சார். நான் நூலைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் தரையில் கவிழ்த்துப் பரப்பினேன். பச்சை முத்திரையின் மிச்சப் பாதி நோட்டின் கடைசித் தாளில் கிடைத்தது. பூத் காலத்துப் பேக்ஸ் மெஷின் இன்னும் மூலையில் இருந்தது. ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி, சார் தானே அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் பேக்ஸ் வந்தது. வரச் சொல்லி எழுதியிருந்தார்கள். ரோசலின் படி ஏறி வந்து என் முன்னால் நின்றார். மடியிலிருந்து ஒரு முழம் கனகாம்பரத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பூ வைத்துக்கொள்வதில்லை நான். டப்பாமேல் வைத்தேன்.

அதோடு டப்பாவின் காலம் முடிந்தது. சீட்டுகளை அவரவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் சார். பழைய தாள் நோட்டையும் எரிக்கச் சொன்னார். "இன்னிக்கு உதவுச்சு. ஆனா இதே மாதிரி எத்தனை பேரோட கடிதாசு நம்ம கையில கிடக்குதுன்னு பார்த்தீங்களா?" என்றார். கொல்லையில் வைத்து எரித்தேன். மறுநாள் கடை நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

வைரத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். வாரம் ஒரு மெயில் தங்கிலீஷில் எழுதுவான். அதைத் திரும்பத் திரும்பப் படிக்கத்தான் அவள் வருவாள். அவ்வளவும் போய்விட்டது. அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தன் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "வரேன்க்கா" என்றாள். அப்புறம் வரவேயில்லை.

நோட்டில் வைரத்தின் பெயர் நாலாம் கேபினுக்கு நேரே எங்கேயும் இல்லை. அவள் கடைசியாக மெயில் பார்த்தது ரிசல்ட் நாளில். நோட்டு வெள்ளையாக இருந்த நாள். எந்தக் கேபின் என்று கேட்டதற்குக் கூட்டத்தில் கவனிக்கவில்லை என்றாளாம். டப்பா அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் மேஜைமேல் திறந்து கிடந்ததாம்.

ஒரு நாள் தாங்காமல் சாரிடம் கேட்டேன். "வைரத்துக்கும் மெஷினாலதானே சார்?" அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நாலு பேருக்குப் பார்த்தது. வைரத்துக்கு நினைச்சது" என்றார். அன்று எனக்கு அவர்மேல் கோபம். இப்போது இல்லை.

சார் போய்ச் சேர்ந்து நாளாகிறது. மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஜெசிந்தா ஓமனிலிருந்து வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்குப் போன் செய்கிறாள்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். பிரவுசர், மெமரி சங்கதியையெல்லாம் விஷயம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். இன்னொன்றும் சரிபார்க்க வேண்டும், அது உங்களால் மட்டும்தான் ஆகும். அந்த ரிசல்ட் நாளில் மாடிப்படியில் நின்ற பிள்ளைகள் சிலர் இன்று உங்கள் சங்கத்திலேயே இருப்பீர்கள். வைரம் மாநிறம், ஒல்லி, இடது புருவத்தில் தழும்பு, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. அந்தப் பெண் அன்றைக்கு எந்தக் கேபினில் உட்கார்ந்தாள்? நாலாம் கேபின் என்றால் சங்கத்து விலாசத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். வேறு கேபின் என்றாலும் போடுங்கள். பார்த்திருந்தால் மட்டும். நினைத்ததை எழுத வேண்டாம். அது என்னிடமே நிறைய இருக்கிறது.